பெயின்ட் ஷாப்ல வேலை பார்க்கிற நமக்கே கோட்டிங் பேக்கேஜ் விக்கிறாங்க!



ஷோரூம்ல கார் புக் பண்ணி, லோன் அப்ரூவ் ஆகி, டெலிவரிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஒரு போன் வரும். "சார், புது வண்டி. நம்ம ஊரு வெயில், தூசி எல்லாம் தெரியும்ல? டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி ஆன்ட்டி ரஸ்ட், இன்டீரியர் ட்ரீட்மென்ட், மூணும் சேர்த்து ஒரே பேக்கேஜ். 30,000 ரூபாய்தான். லோன்லயே சேர்த்துடலாம், கைக்காசு போட வேண்டாம்."

நாம என்ன சொல்றோம்? "சரி, போட்டுடுங்க." ஏழு லட்சம் கொடுக்கிற இடத்துல முப்பதாயிரம் சின்னத் தொகையா தெரியும். நானும் முதல் கார் எடுத்தப்போ அப்படித்தான் தலையாட்டினேன். மூணு மாசத்துல வண்டி மேல வெயில் பட்டா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல். கோட்டிங் சரியில்லன்னு சண்டை போடப் போனேன். "தினமும் எதால துடைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. காய்ஞ்ச துணியாலன்னு சொன்னேன். அதுக்கு மேல பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல.

காரோட உள்ளும் புறமும் எப்படிப் பார்த்துக்கிறதுன்னு வீடியோல நேரம் இருந்த வரைக்கும் சொன்னேன். அதுக்குப் பின்னாடி இருக்கிற காசுக் கணக்கை இங்க முழுசா எழுதுறேன். என் கருத்து இதுதான்: புது காரைக் காப்பாத்துறது பேக்கேஜ் இல்ல, பழக்கம். பழக்கத்துக்கு இ.எம்.ஐ. கிடையாது.

முதல்ல கணக்கு

30,000 ரூபாயை 9.5 சதவீத வட்டியில, 5 வருஷ லோன்ல சேர்த்தா மாசம் 630 ரூபாய் கூடும். 60 மாசத்துல கட்டுறது 37,800. வட்டி மட்டும் 7,800. கோட்டிங் எத்தனை மாசத்துல மங்கினாலும் அதுக்கான இ.எம்.ஐ. அறுபதாவது மாசம் வரைக்கும் ஓடும்.

2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது. மேல இருந்த செஸ்ஸும் போச்சு. 7 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலை இருந்த சின்ன பெட்ரோல் கார்ல கிட்டத்தட்ட 60,000 ரூபாய் மிச்சம். "இப்ப வாங்கிடலாம்"னு நம்மள்ல பல பேர் கிளம்பினதே அதை நம்பித்தான். அந்த மிச்சத்துல பாதியை டெலிவரிக்கு முந்தின நாள் ஒரு கையெழுத்துல திருப்பிக் கொடுத்துட்டு வர்றோம்.

இதை நாமதான் நல்லா தெரிஞ்சு வச்சிருக்கணும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் வெட்கமான விஷயம். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-ல இருந்து கார் செய்யுது. ஒரகடத்துல ரெனோ-நிசான் ஆலை 2010-ல வந்தது, டைம்லரோட பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-ல வந்தது, ராயல் என்ஃபீல்டு 2013-ல வந்தது. இந்தச் சாலையில நம்ம பக்கத்து ரூம்ல தங்கியிருக்கிறவர் பெயின்ட் ஷாப்ல இருப்பார், இல்ல பெயின்ட் ஷாப்புக்கு ஏதாவது சப்ளை பண்ற கம்பெனியில இருப்பார். அவர்கிட்ட ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க, ஒரு கார் பாடி எப்படி பெயின்ட் ஆகுதுன்னு.

வெல்டிங் முடிஞ்ச பாடியை முதல்ல கழுவி, பாஸ்பேட் மாதிரி ஒரு ரசாயனத் தொட்டியில முக்குவாங்க. அப்புறம் ஈ.டி. தொட்டி. முழு பாடியும் உள்ள முங்கும், கரன்ட் பாயும், கதவோட உள் மூலை, சேசிஸ் பெட்டிக்குள்ள இருக்கிற இடுக்கு வரைக்கும் பெயின்ட் போய் ஒட்டும். துருவைத் தடுக்கிற முக்கியமான அடுக்கு இதுதான். அதை அடுப்புல சுட்டு இறுக்குவாங்க. இணைப்புகள்ல சீலர், அடிப்பக்கம் கல் அடிக்கிற இடங்கள்ல பி.வி.சி. பூச்சு. அதுக்கு மேல பிரைமர், கலர், கடைசியா கிளியர் கோட்.

இவ்வளவும் சேர்ந்தது சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. நம்ம கண்ணுக்குப் பளபளன்னு தெரியுற கிளியர் கோட் அதுல பாதி கூட இருக்காது.

இப்ப சொல்லுங்க. தொட்டியில முக்கி, கரன்ட் விட்டு, அடுப்புல சுட்டு எடுத்த பாடிக்கு, ஷோரூம் பின்னாடி ஷெட்ல ஒருத்தர் ஸ்ப்ரே கேன் வச்சு அடிக்கிற கறுப்பு பூச்சு எவ்வளவு கூடுதல் பாதுகாப்பு கொடுக்கும்? அவசரத்துல அடிச்சா அடியில இருக்கிற தண்ணி வடிகிற ஓட்டைகளை அடைச்சு வைக்கவும் வாய்ப்பு இருக்கு. அப்படி அடைச்சா துரு உள்ளேயிருந்து கிளம்பும்.

அதே பெயின்ட் ஷாப்புக்குள்ள போகணும்னா நாம என்ன செய்யணும்? பஞ்சு நூல் உதிராத உடுப்பு, தலைக்கு மூடி, ஏர் ஷவர். ஒரு தூசி பாடி மேல உக்காரக் கூடாதுன்னு அவ்வளவு பாடு. ஷிப்ட் முடிஞ்சு வந்து, நம்ம சொந்தக் கார் மேல ஒரகடம் ரோட்டுத் தூசி படிஞ்சிருக்கும்போது மஞ்சத் துணியை எடுத்து சர்ருன்னு தேய்க்கிறோம். எம்-சாண்ட் டிப்பர் போற ரோட்டுத் தூசி அது, நுணுக்கின கல்லு. அதைத் துணியில வச்சுத் தேய்க்கிறதும் உப்புத்தாள் போடுறதும் ஒண்ணுதான், கொஞ்சம் மெதுவா நடக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப கோட்டிங் எல்லாமே ஏமாத்தா?"

இல்ல. அப்படிச் சொன்னா அது நியாயம் இல்ல. நல்ல செராமிக் கோட்டிங், ஒழுங்கா பெயின்டைத் தயார் பண்ணிப் போட்டா, தண்ணி ஒட்டாது, அழுக்கு சுலபமா போகும், பறவை எச்சம் உடனே கறையாகாது. ஆனா அது கீறலைத் தடுக்கிற கவசம் இல்ல. காய்ஞ்ச துணி போட்டா அதுலயும் கீறல் விழும். லாரி டயர்ல இருந்து தெறிக்கிற ஜல்லியைத் தடுக்கிறது பி.பி.எஃப்.ன்னு சொல்ற பிளாஸ்டிக் படலம் மட்டும்தான். முழு வண்டிக்கும் போட்டா செலவு லட்சத்தைத் தொடும். ஏழு, எட்டு லட்சம் காருக்கு அது தேவையான்னு நீங்களே யோசிங்க.

என் நிலைப்பாடு இதுதான்: செராமிக் வேணும்னு நிஜமாவே தோணினா போடுங்க. ஆனா டெலிவரி அன்னைக்கு வேண்டாம், லோன்ல சேர்த்து வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு, நாலு இடத்துல விலை கேட்டு, கைல இருக்கிற காசுல போடுங்க. ஆறு மாசம் கழிச்சும் அந்த ஆசை இருந்தா அது உங்க ஆசை. டெலிவரி பரபரப்புல வந்தது சேல்ஸ்மேனோட டார்கெட்.

டெலிவரி எடுக்கும்போது இன்னொண்ணும் சொல்லி வைங்க: "பாலிஷ் எதுவும் போடாதீங்க, தண்ணி ஊத்திக் கழுவிக் கொடுத்தா போதும்." அவசரப் பாலிஷ்ல புது வண்டியே கீறலோட வெளிய வரும். பகல் வெளிச்சத்துல ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்

தேவையான சாமான்: ரெண்டு பக்கெட் (வீட்லயே இருக்கும்), ஒரு கார் ஷாம்பு, நாலஞ்சு மைக்ரோஃபைபர் துணி, கழுவுறதுக்கு ஒரு மிட், ஒரு லிக்விட் வேக்ஸ், உள்ளே தூசி எடுக்க ஒரு சின்ன வேக்குவம். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். ஷாம்பு, வேக்ஸ் மட்டும்தான் அப்பப்ப வாங்க வேண்டியது.

1. நிழல்ல, வண்டி சூடு ஆறினதுக்கு அப்புறம் கழுவுங்க. வெயில்ல கழுவினா தண்ணி உடனே காய்ஞ்சு வெள்ளைப் புள்ளி விழும். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, இன்னும் மோசம்.

2. முதல்ல வெறும் தண்ணி. மேலேருந்து கீழ ஊத்தி, தூசி தானா இறங்கட்டும். இந்த வேலை முடியற வரைக்கும் துணி வண்டியைத் தொடக் கூடாது.

3. ஒரு பக்கெட்ல ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மிட்டை ஷாம்பில முக்கி ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் திரும்ப ஷாம்புக்குப் போகணும். மேற்கூரையில ஆரம்பிச்சு கீழ வாங்க. சக்கரத்துக்குத் தனித் துணி, அது கடைசி. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வேண்டாம், வேக்ஸையும் சேர்த்து உரிச்சுடும்.

4. அலசினதும் உடனே மைக்ரோஃபைபரால ஒத்தி எடுங்க. துணி கீழ விழுந்துட்டா அதை ஓரமா வச்சுட்டு வேற எடுங்க.

5. ரெண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேக்ஸ். அரை மணி நேரம் ஆகும்.

தினமும் துடைக்கணும்ங்கிற அவசியமே இல்ல. கண்ணாடியும் லைட்டும் சுத்தமா இருந்தா போதும். காய்ஞ்ச தூசி மேல வைப்பரைப் போடாதீங்க, வாஷர் தண்ணி அடிச்சுட்டுப் போடுங்க. தூசி படிஞ்ச வண்டி மேல கவர் போடாதீங்க, காத்துல கவரே தேய்ச்சுக் கீறும்.

உடனே கவனிக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. பறவை எச்சம்: அதுல அமிலம் இருக்கு, வெயில்ல காய்ஞ்சா கிளியர் கோட்டை அரிச்சுடும். ஈரத் துணியை மேல ரெண்டு நிமிஷம் போட்டு, ஊறினதும் எடுங்க, சுரண்டாதீங்க. ரெண்டாவது, கல் பட்டு பெயின்ட் போன சின்னப் புள்ளி. உங்க வண்டி கலர் கோடுக்கு டச்-அப் பெயின்ட் சின்ன பாட்டில்ல கிடைக்கும். ஒரு பொட்டு வைங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி இதைச் செஞ்சா துரு அங்க கால் வைக்காது.

காலனியில மாசச் சம்பளத்துக்குக் கார் துடைக்கிற அண்ணன் இருந்தா அவரை நிறுத்தச் சொல்லல. அவருக்கு அது பிழைப்பு. பத்து வண்டிக்கு ஒரே துணி, ஒரே பக்கெட்டுன்னு இருக்கிறதுதான் பிரச்சினை. "அண்ணே, நம்ம வண்டிக்கு இந்தத் துணி, முதல்ல தண்ணி ஊத்திடுங்க, வாரத்துல ரெண்டு நாள் போதும்"னு சொல்லி ரெண்டு மைக்ரோஃபைபரை அவர் கையில கொடுங்க. கொடுக்கிற காசைக் குறைக்காதீங்க.

உள்பக்கம்

சீட்டுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் கவரை முதல்ல கிழிச்சுப் போடுங்க. "புதுசு, இருக்கட்டுமே"ன்னு ஒரு வருஷம் அப்படியே ஓட்டுறவங்க இருக்காங்க. அதுக்குள்ள வியர்வையும் ஈரமும் தங்கி பூஞ்சை, நாத்தம் எல்லாம் வரும்.

சீட் கவர் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உங்க வண்டியில சைடு ஏர்பேக் இருந்தா, பெரும்பாலும் அது முன் சீட்டோட பக்கவாட்டுக்குள்ளதான் இருக்கும். இறுக்கமா தைச்ச லெதரெட் கவர் அதை வெளிய வர விடாம தடுக்கலாம். ஏர்பேக் லேபிள் இருக்கான்னு சீட் ஓரத்துல பாருங்க, ஏர்பேக்குக்குப் பொருந்துற கவரா கேளுங்க. ஆறு ஏர்பேக்னு காசு கொடுத்து வாங்கிட்டு, கவர் போட்டு ரெண்டை அடைக்கிறது எவ்வளவு பெரிய நஷ்டம்னு சொல்ல வேண்டியதில்ல.

டாஷ்போர்டுக்கு எண்ணெய் மாதிரி மினுமினுக்கிற பாலிஷ் வேண்டாம். அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில பிரதிபலிச்சு கண்ணைக் கூசும், தூசியும் அதுல ஒட்டும். லேசா ஈரமான மைக்ரோஃபைபர் போதும். ஸ்கிரீனுக்குத் தனித் துணி. மேட்டை வெளிய எடுத்து உதறுங்க; மழை நாள்ல நனைஞ்ச மேட்டை உள்ளேயே விடாதீங்க.

ஏ.சி. ஃபில்டர் பல கார்ல டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாடிதான் இருக்கும், அஞ்சு நிமிஷத்துல கழட்டலாம். எப்படின்னு வண்டியோட மேனுவல்ல இருக்கும். நம்ம சாலைத் தூசிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தட்டிப் போடுங்க. அடைஞ்ச ஃபில்டரோட சர்வீஸ் போனா, "ஏ.சி. க்ளீனிங், ஈவாப்ரேட்டர் க்ளீனிங்"னு பில் நீளும். பல தடவை பிரச்சினை அந்த ஃபில்டர் மட்டும்தான்.

வண்டிக்குள்ள சாப்பாடு, பிஸ்கட் துணுக்கு விடாதீங்க. கம்பெனி பஸ்ல போயிட்டு கார் வாரம் முழுக்க காலி மனையில நிக்குதுன்னா எலிக்கு அது வீடு. ஒயரைக் கடிச்சா வர்ற பில் எந்தக் கோட்டிங்கை விடவும் பெரிசு.

மிச்சம் பிடிச்ச காசை எங்க போடுறது?

முதல் இடம் இன்சூரன்ஸ். 2015 டிசம்பர் நினைவிருக்கா? 2023 டிசம்பர் மிக்ஜாம் நினைவிருக்கா? வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்தி வச்சிருந்ததை எல்லாரும் பார்த்தோம். செம்பரம்பாக்கம் ஏரி ஓரத்துல வேலை பார்க்கிற நமக்கு அது டி.வி. செய்தி மட்டும் இல்ல. தண்ணி புகுந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போச்சுன்னா, சாதாரண பாலிசியில அந்த என்ஜின் செலவு பெரும்பாலும் கிடைக்காது. அதுக்குத்தான் என்ஜின் ப்ரொடெக்ட்னு ஒரு கூடுதல் கவர் இருக்கு. கோட்டிங் பேக்கேஜோட ஒப்பிட்டா அதோட விலை கொஞ்சம்தான். அதை எடுங்க. எடுத்தாலும் தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க. பாலிசியை ஷோரூம்லதான் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, வெளியில விலை கேட்டுப் பாருங்க.

அடுத்தது, சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடாதீங்க. கிளெய்ம் இல்லாத வருஷத்துக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000-ன்னு வச்சுக்குவோம், வருஷா வருஷம் அதே தொகைன்னும் வச்சுக்குவோம். முதல் வருஷமே பம்பர் கீறலுக்கு 4,000 ரூபாய் கிளெய்ம் போட்டா, ரெண்டாவது வருஷம் 2,400 போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒரு படி பின்னாடியே இருப்பீங்க: 600, 1,200, 1,200, 600. மொத்தம் 6,000. இதுபோக 1,500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயமா நம்ம பங்கு 1,000. ஆக 4,000 ரூபாய் வேலைக்கு 7,000 ரூபாய் செலவு. போனஸைப் பாதுகாக்கிற கூடுதல் கவர் இல்லைன்னா, சின்ன வேலையைக் கைக்காசுல முடிச்சுடுங்க.

மீதி, அந்த 630 ரூபாய். டெலிவரி ஆன மாசமே அதே தொகைக்கு ஒரு ஆர்.டி. போட்டு "கார்"னு பேர் வைங்க. அஞ்சு வருஷத்துல 37,800, வட்டி தனி. அப்பத்தான் நாலு டயர் மாத்த வேண்டி வரும், பேட்டரி மாத்த வேண்டி வரும். அந்த வருஷம் கிரெடிட் கார்டைத் தேய்க்காம இருந்தா, அதுதான் நான் பார்த்த நல்ல கோட்டிங்.

கடைசியா ஒண்ணு

எங்க அப்பா பதினெட்டு வருஷம் ஒரே டி.வி.எஸ். 50 ஓட்டினார். காலையில ஒரு சொம்பு தண்ணி, ஒரு ஈரத் துணி. பேக்கேஜ்னா என்னன்னே அவருக்குத் தெரியாது. விக்கும்போது வாங்க வந்தவர், "எவ்வளவு வருஷம் ஆச்சு?"ன்னு கேட்டு, பதிலை நம்பல.

நம்ம வீட்டுல பல பேருக்கு இதுதான் முதல் கார். அம்மா, அப்பாவை உக்கார வச்சு காஞ்சிபுரம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி. அதைப் பளபளன்னு வச்சுக்கணும்னு ஆசைப்படுறதுல தப்பே இல்ல. அந்த ஆசைக்கு விலை போட்டு, வட்டி போட்டு, அறுபது மாசம் நம்மகிட்டயே வசூல் பண்றாங்களே, அதுதான் தப்பு.

அதனால அந்த போன் வந்தா ஒரே வரி போதும்: "கோட்டிங் வேண்டாம் சார், வண்டியை மட்டும் கொடுங்க." அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பக்கெட்டோட இறங்குங்க.